நிற்கும்போது கசிந்த வண்டி

ஓய்வுபெற்ற நாளன்று கல்கத்தா கஸ்பாவில் எங்கள் பணிமனையில் சிங்காரா பலகாரமும் சந்தேஷ் இனிப்பும் வாங்கிவைத்து, மாலை போட்டு, என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மெக்கானிக்குகளில் ஒருவர், அண்ணனை ‘தாதா’ என்று கூப்பிடும் வங்காள வழக்கப்படி, கேட்டார்: “முருகேஷ்தா, இத்தனை வருஷம் வண்டிக்கு அடியிலேயே கிடந்திருக்கீங்க. ஒரு நாளாவது பயந்திருக்கீங்களா?”

“ஒரு நாளா? தினமும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்தபிறகு, உண்மையைச் சொன்னதற்கு ஏன் சிரித்தோம் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிக்காரன். ஐ.டி.ஐ. முடித்ததும் தன்பாத் பக்கம் ஒரு சுரங்கத்தின் டம்பர் லாரிப் பணிமனையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அந்தப் பெரிய டம்பர்களுக்கு அப்போதே கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். அதைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். பயத்தைக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். ஒரு மத்தியானம் ஜாக் நழுவி, டம்பரின் முன்பக்கம் ஒரு சாண் கீழே இறங்கியது. நான் அடியில் இருந்தேன். பக்கத்தில் அடுக்கியிருந்த மரக்கட்டைகள் தாங்கிக்கொண்டன. சட்டைப் பை கிழிந்ததோடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு வண்டிக்கு அடியில் படுத்தால் என் ஒரு கண் வேலையில் இருக்கும், மற்றொன்று ஜாக்கில் இருக்கும். இதை நான் வெகுகாலம் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு வந்தேன். டாக்குரியாவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. கஸ்பாவில் ஒரு தனியார் பணிமனையில் வேலை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தெரிந்தவன் என்பதற்காகவே என்னை எடுத்தார்கள். அப்போது ஊரில் அப்படிப்பட்ட வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றுதான் அந்த எக்ஸ்ரே வண்டி.

பாலிகஞ்சில் அலுவலகம் வைத்திருந்த ஒரு தர்ம ஸ்தாபனத்தின் வண்டி அது. வெளிநாட்டில் பல வருஷம் ஓடித் தேய்ந்தபிறகு நன்கொடையாக வந்த பழைய டிரக். பின்னால் பெட்டி போல ஒரு கூடு, அதற்குள் ஈயத்தகடு பதித்த ஓர் அறை, அறைக்குள் எக்ஸ்ரே இயந்திரம். குடிசைப் பகுதிகளுக்குப் போய் நின்று, இருமல்காரர்களுக்கு நெஞ்சுப் படம் எடுப்பார்கள். இயந்திரத்துக்கு மின்சாரம் அந்த டிரக்கின் எஞ்சினிலிருந்தே வரும். கியர்பாக்ஸின் விலாவில் பி.டி.ஓ. என்று ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருக்கும். வண்டி நிற்கும்போது ஒரு லீவரை இழுத்தால், அது எஞ்சின் சுழற்சியை ஜெனரேட்டருக்கு மாற்றிக்கொடுக்கும். ஓடும்போது அதற்கு வேலை இல்லை.

அந்த வண்டி கியர்பாக்ஸ் எண்ணெயைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் பார்த்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வந்தது. ஓட்டுநர் ரத்தன் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: “தாதா, ஒண்ணு கவனிச்சேன். வண்டி ஓடுற நாள்ல எண்ணெய் குறையறதில்ல. முகாம்ல நிக்கிற நாள்லதான் குறையுது.”

நான் சிரித்துவிட்டேன். “நிக்கிற வண்டி எதுக்கு ரத்தன் எண்ணெய் குடிக்கும்? ஓடினாத்தானே சூடு, சூடானாத்தானே கசிவு?” என்றேன். அவர் காதிலிருந்த பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடிப்பதில் சிக்கலே, சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறொன்று என்பதுதான். மேலே எங்கோ புறப்படும் எண்ணெய் இரும்பைத் தடவிக்கொண்டே இறங்கி, கடைசிப் போல்ட்டின் நுனியில் தொங்கும். பார்ப்பவன் அந்தப் போல்ட்டைக் குற்றம் சொல்லுவான். அதனால் முதலில் எல்லாவற்றையும் கெரசினால் கழுவி, காற்றடித்து உலர்த்த வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் அளவு பார்க்க வேண்டும். பிறகு கியர்பாக்ஸ் முழுவதும் முகப்பவுடர் தூவ வேண்டும். எங்கள் பணிமனைக்கு டப்பா டப்பாவாக டால்கம் பவுடர் வாங்குவதைப் பார்த்துக் கடைக்காரரே கேலி செய்வார். வெள்ளைப் பவுடரில் சிவப்பு எண்ணெய் எங்கே முதலில் தெரிகிறதோ, அதிலும் எந்த ஈரம் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அதுதான் கசிவு. மேல்பக்கத்தையும் விலாவையும் கண்ணால் நேராகப் பார்க்க முடியாது. கம்பியில் கட்டிய சின்னக் கண்ணாடியை உள்ளே நுழைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

வேறு வண்டியென்றால் கொட்டகைக்குள் இருக்கும் குழிக்குமேல் நிறுத்திப் பயமில்லாமல் நின்றுகொண்டே பார்ப்பேன். இந்த வண்டியின் உயரத்துக்குக் கொட்டகைக்குள் நுழையவில்லை. முற்றத்தில், முன்பக்கத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்து, அடியில் படுத்துத்தான் பார்த்தேன். கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான சம்ப்பைச் சுற்றி ஒரே ஈரம். போல்ட்டுகளை யாரோ மூர்க்கமாக முறுக்கியதில் விளிம்பு வளைந்திருந்தது. காரணம் கிடைத்துவிட்டதில் எனக்கு நிம்மதி. விளிம்பைத் தட்டி நேராக்கி, இடையில் புது கேஸ்கெட் அட்டை வைத்து, எதிரெதிராகப் போல்ட்டுகளை அளவாக முடுக்கினேன். பவுடர் தூவி, ரத்தனை டயமண்ட் ஹார்பர் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிவரச் சொன்னேன். வந்ததும் மறுபடி முட்டுக்கொடுத்து, அடியில் படுத்துப் பார்த்தேன். சம்ப் வெள்ளையாக இருந்தது.

கண்ணாடியை எடுத்து விலாப்பக்கம் நுழைக்க வேண்டும். கையில் கண்ணாடி இருந்தது. அந்த நேரம் தெருவில் ஒரு கனமான லாரி போக, மண் லேசாக அதிர்ந்தது. முட்டு நகர்ந்ததுபோல் இருந்தது. நகரவில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் ஃபோர்மன் பாக்சி பாபு மேசையில் வேலைச்சீட்டுடன் உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் திட்டியதில்லை. கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட ‘ஆப்னி’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். கையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருக்கும். நாம் முடித்த வேலையின் இணைப்பில் அதை ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதில் ஈரம் தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் துணியை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு நாலு அறை தேவலை. கையெழுத்து வாங்குமுன் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: “தேகேச்சேன், நா பேபேச்சேன்?” பார்த்தீர்களா, நினைத்தீர்களா?

“பார்த்தேன்” என்றேன். கையெழுத்துப் போட்டேன். அவரும் கீழே போட்டார்.

சரிசெய்த வண்டியின் முதல் வேலைக்கு மெக்கானிக் கூடப் போக வேண்டும் என்பது பாக்சி பாபுவின் விதி. முகாம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, டாக்குரியாவில் ரயில் பாதையோரக் குடியிருப்பை ஒட்டிய ஒரு கிளப் மைதானத்தில். காலை பத்து மணியிருக்கும். நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். ரத்தன் லீவரை இழுத்தார். எஞ்சின் சத்தம் உயர்ந்து ஒரே சீராக நின்றது. எக்ஸ்ரே எடுக்கும் ஷிப்ராதி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். முப்பது வயதுப் பெண்மணி, கறாரானவர், எல்லோருக்கும் ‘திதி’, அதாவது அக்கா. அறைக்கதவின் உள்கைப்பிடி பல மாதமாக உடைந்து கிடந்தது. வெளியிலிருந்து ரத்தன் தாழ்ப்பாள் போடுவார். படம் எடுத்ததும் ஷிப்ராதி கதவைத் தட்டுவார், ரத்தன் திறப்பார். யாரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

நான் மைதானத்து ஓரத்தில் மண்குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. முதலில் சாம்பிராணிப் புகை அளவுதான். பிறகு பொதியாகக் கிளம்பியது. எரிந்த எண்ணெயின் கசப்பு வாடை மூக்கில் ஏறியது. புகைபோக்கிக் குழாயைச் சுற்றியிருந்த காப்புத்துணியில் ஒரு மஞ்சள் நாக்கு எழுந்து ஆடியது. வரிசையில் நின்றவர்கள் கத்திக்கொண்டு சிதறி ஓடினார்கள்.

உள்ளிருந்து கதவு இடிபடும் சத்தம் கேட்டது. படம் முடிந்து தட்டும் தட்டல் இல்லை அது. இரண்டு கைகளாலும் இடிக்கும் சத்தம்.

நான் நகரவில்லை. இதை எப்படிச் சொன்னாலும் அழகாக வராது. என் கால்கள் நகரவில்லை. கையில் குவளை இருந்தது, தேநீர் விரலில் வழிந்து சுட்டது, அதுகூடத் தெரிந்தது. ஆனால் நகர முடியவில்லை. ரத்தன்தான் முன்னால் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார். பின்னால் ஓடிவந்து புகைக்குள் ஏறித் தாழ்ப்பாளை இழுத்தார். ஷிப்ராதி ஒரு பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருமிக்கொண்டே இறங்கினார். அதற்குள் ரத்தன் தீயணைப்பானை எடுத்து அடியில் பீய்ச்சினார். கிளப்காரர்கள் மண்ணை அள்ளிப் போட்டார்கள். நான் ஓடிப்போய் மண் அள்ளியபோது தீ அணைந்திருந்தது.

உள்ளே இருந்த அந்தப் பெண் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். தண்ணீர் குடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “திதி, படம் விழுந்திருக்குமா?”

நான் டார்ச்சுடன் அடியில் நுழைந்தேன். இந்தமுறை கண்ணாடியை விலாப்பக்கம் நீட்டினேன். பி.டி.ஓ. பெட்டி கியர்பாக்ஸைத் தொடும் இணைப்பில், மேல்மூலையில், ஈரமான சிவப்பு. அங்கிருந்து ஒரு கோடு இறங்கி, பாதி சம்ப்புக்கும் பாதி புகைபோக்கிக்கும் போயிருந்தது. முற்றத்தில் இன்னும் பத்து நொடி படுத்திருந்தால், கழுவியும் இடுக்கில் தங்கிய எண்ணெய் பவுடரை நனைத்த கறையையாவது பார்த்திருப்பேன்.

வெளியே வந்தபோது ஸ்தாபனத்தின் செயலாளர் வந்துவிட்டிருந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த பீடித்துண்டுகளைக் காலால் தள்ளிக் காட்டி, “இது யாருடையது?” என்றார். எல்லோருக்கும் தெரியும். “எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ரெண்டு உயிர் போயிருக்கும்!” என்று ரத்தனைப் பார்த்துக் கத்தினார். ரத்தன் என்னைப் பார்த்தார். செயலாளரும் என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“பார்க்கணும், சார்” என்றேன். பார்த்துவிட்டு வந்த வாயால் சொன்னேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ரத்தனிடம் சொல்லிவிட்டார்கள். வண்டியை இழுத்துக்கொண்டுவந்து எங்கள் பணிமனை முற்றத்தில் விட்டார்கள்.

அந்த மூன்று நாளும் எப்படிப் போயின என்று விவரமாகச் சொல்ல முடியாது. வேலை போய்விடும், இந்த ஊரில் எனக்கு வேறு யாரைத் தெரியும், பிள்ளை பாலிகஞ்ச் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருக்கிறான். இதையே சுற்றிச் சுற்றி நினைத்தேன். டாக்குரியா நடைமேடையில் ரத்தன் எதிரே வந்துவிடுவாரோ என்று பயந்து, ரயிலை விட்டு பஸ்ஸில் போனேன். பின்னால் யார் ‘தாதா’ என்று கூப்பிட்டாலும் திரும்பாமல் நடையை எட்டிப்போட்டேன். மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது என் மனைவி கோமதி கேட்டாள்.

“என்னங்க, சோத்த அளைஞ்சிக்கிட்டே இருக்கீய? மூணு நாளா இதே கதையா இருக்கு.”

சொன்னேன். ஜாக் கதையைத் தவிர முழுவதையும் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்த ஆளுக்குப் பிள்ளைய உண்டா?”

“ரெண்டு.”

“நமக்கு ஒண்ணு” என்றாள். எழுந்துபோய்ப் பையனின் சீருடையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் பாக்சி பாபுவின் மேசைக்கு முன்னால் நின்றேன். “எக்ஸ்ரே வண்டியில விலாப்பக்கம் நான் பார்க்கலை. பார்த்தேன்னு பொய் சொன்னேன். கசிவு பி.டி.ஓ. இணைப்பில. பீடி இல்ல” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். அதற்கு ஒரு யுகம் ஆனது போலிருந்தது.

“ஏன் பார்க்கலை?”

“பயம்.” ஜாக் கதையைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

“இதைச் சொல்ல வேண்டிய இடம் என் மேசை இல்லை. நான் கூட வரேன். ஆனா பேச மாட்டேன்” என்றார்.

பாலிகஞ்ச் அலுவலகத்தில் அவர் சொன்னபடியே வாய் திறக்கவில்லை. நான் பேசினேன். இந்தியும் வங்காளமும் குழம்பின. கடைசியில் பாக்சி பாபு வேலைச்சீட்டை மேசையில் வைத்து, என் கையெழுத்துக்குக் கீழே இருந்த தன் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். ரத்தனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்கு வேலை போகவில்லை. ஆனால் ஒரு வருஷம் எந்தச் சீட்டிலும் நான் கையெழுத்துப் போடக்கூடாது என்று பாக்சி பாபு முடிவுசெய்தார்.

ரத்தன் வீட்டுக்கு நானே போனேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை. அவர் உட்காரச் சொன்னார். “உங்க மேல கோபம் இல்ல, தாதா. பயந்துட்டீங்க. எனக்கும் பயந்தான்” என்றார். பிறகு, “ஆனா நான் அன்னிக்குச் சொன்னப்ப நீங்க சிரிச்சீங்க” என்றார்.

வண்டியை அவர் சொன்ன விதத்திலேயே சோதித்தேன். கழுவி, உலர்த்தி, பவுடர் தூவி, நிற்கவைத்தேன். லீவரை இழுத்து, ஜெனரேட்டருக்குச் சுமையாக நாலு பெரிய ஹீட்டர்களை மாட்டினேன். அடியில் படுத்துக் கண்ணாடியை நீட்டிப் பிடித்தேன். உடம்பெல்லாம் வேர்த்தது, வெளியே வரவில்லை. இருபத்தைந்தாவது நிமிஷம், மேல்மூலைப் பவுடரில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. அப்படியே தடித்து இறங்கியது.

பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்த மூலையில் ஒரு போல்ட்டின் துளையில் மரை தேய்ந்துபோய், போல்ட் பிடிமானமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. அதை மறைக்க யாரோ இரண்டு கேஸ்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார்கள். ஜெனரேட்டரின் சுமை ஏறும்போது பெட்டி ஒரு மயிரிழை முறுக்கிக்கொள்ளும், இணைப்பு வாய் திறக்கும். ஓடும்போது சுமை இல்லை, கசிவும் இல்லை. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, முகத்தைச் சமனாக்கி, ஒற்றை கேஸ்கெட்டுடன் மாட்டினேன். புகைபோக்கிக்கு மேலே ஒரு தகடும் அடித்தேன். பாக்சி பாபு வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகும் சில வருஷம் அந்த வண்டி முகாம்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பழுதுபார்த்தபின் இரண்டு மணி நேரம் சுமையோடு ஓடவைத்துப் பார்க்கும் கடைசிச் சோதனை நாளன்று இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

அன்று காலை ஷிப்ராதி முற்றத்துக்கு வந்திருந்தார். புது உள்கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, “முதல்ல இதை மாட்டிடறேன், திதி” என்றேன்.

“அதை நாளைக்கு மாட்டலாம்” என்றார். “நான் உள்ளே இருந்தேன், நீங்க வெளியே இருந்தீங்க. ரெண்டு மணி நேரம் சோதனைன்னு சொன்னீங்க இல்லையா? நீங்க உள்ளே உட்காருங்க. ரத்தன்தா அடியில பார்க்கட்டும். அதுக்கப்புறம் நான் இந்த வண்டியில ஏறுறேன்.”

பாக்சி பாபுவைப் பார்த்தேன். அவர் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறினேன். ஈயக் கதவு மூடியது, வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. ஒரு ஸ்டூல், ஒரு மங்கலான விளக்கு. எஞ்சின் சத்தம் உயர்ந்ததும் தரை பாதத்துக்கு அடியில் நடுங்கியது. காற்றே இல்லை. கேபிள் நுழையும் துளையருகே குனிந்து மோந்துபார்த்தேன். டீசல் வாடை மட்டும்தான். உட்கார்ந்தேன். மறுபடி மோந்தேன். எரிந்த எண்ணெய் வாடை வருகிறதா, வருவதுபோல் இருக்கிறதா? உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். சூடு. இந்தச் சூடு சாதாரணமா? கையில் கடிகாரம் இல்லை. ஆயிரம்வரை எண்ணினேன், நடுவில் விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினேன். கதவை ஒருமுறை கையால் தொட்டுப்பார்த்தேன். அது பாறை மாதிரி இருந்தது. பாத்திரம் தேய்க்கும் அந்தப் பெண் இதே இடத்தில்தான் நின்றிருப்பாள். அவள் எதை இடித்தாளோ அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்து வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஷிப்ராதி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நினைக்கிறீங்க?”

“ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும். முடிஞ்சுதா?”

அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார். “முப்பத்தஞ்சு நிமிஷம். இறங்கணும்னா இறங்கலாம்.”

அடியிலிருந்து ரத்தனின் குரல் வந்தது: “பவுடர் வெள்ளையா இருக்கு, தாதா.”

நான் திரும்பிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஷிப்ராதி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.